எர்த் குழியா, ஆர்சிசிபியா: பழைய வீட்டில் முதல் செலவு எதற்கு?

அம்மா இருக்கும் வீடு புதுக்கோட்டை பக்கம். முப்பத்தைந்து வருட வயரிங், மீட்டர் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் தலை மட்டும் வெளியே தெரியும் ஒரு ஜிஐ பைப், அதுதான் வீட்டுக்கு எர்த். போன ஐப்பசியில் போனில் பேசும்போது, மாவாட்டுகையில் கிரைண்டரைத் தொட்டால் "சுர்ருன்னு இழுக்குதுப்பா" என்றார். செருப்பு போட்டுக்கொண்டால் தெரியவில்லையாம், அதனால் இரண்டு மாதமாகச் செருப்போடு ஆட்டிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை, அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

போனதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பல வருடமாக வீட்டுக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன், பழைய பைப்பை விட்டுவிட்டுப் புதிதாகக் குழி வெட்டி காப்பர் பிளேட் போட்டுவிடலாம் என்றார். மாமா, ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று மாட்டினால் போதும், எர்த்தெல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம் என்றார். சாமான் வாங்கப் போன கடையில் கெமிக்கல் எர்த்திங்தான் இப்போது எல்லோரும் போடுகிறார்கள் என்றார்கள். மூன்றையும் செய்யப் பணம் இல்லை. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். லீக்கேஜ், அதாவது கருவியின் உடம்புக்குக் கசியும் மின்சாரம், கெட்டுப்போன கருவியில் மட்டும் வருவதில்லை. புதுக் கருவியிலும் கொஞ்சம் இருக்கும், தரநிலையே அதற்கு ஒரு எல்லை வைத்துத்தான் அனுமதிக்கிறது. எர்த் பின் உள்ள, கையில் தூக்கி நகர்த்தக்கூடிய வீட்டுக் கருவிக்கு 0.75 மில்லிஆம்பியர், ஒரே இடத்தில் வைத்து ஓட்டும் மோட்டார் கருவிக்கு 3.5 மில்லிஆம்பியர் வரை. மனிதக் கைக்கு அரை மில்லிஆம்பியரிலேயே சுருக்கென்று தெரிய ஆரம்பிக்கும். அப்படியானால் நல்ல கருவியிலும் ஏன் நமக்கு ஷாக் அடிப்பதில்லை? அந்தச் சின்ன மின்னோட்டம் எர்த் ஒயர் வழியாகச் சத்தமில்லாமல் போய்விடுகிறது. எர்த் ஒயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் அது நம் கை வழியாகத்தான் போகும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கை விடாது, 30 என்பது மூச்சுத் தசைகளும் இதயமும் ஆபத்துக்குப் போகிற அளவு.

இப்போது எர்த் குழியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவது ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று, அவற்றைத் தாங்கி வரும் கம்பி. எர்த் நம் குழியிலிருந்து வருகிறது. ஆகவே கிரைண்டர் உடம்பில் ஃபேஸ் ஒட்டிக்கொண்டால், மின்னோட்டம் நம் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் ஏறித்தான் சுற்றை முடிக்கவேண்டும். எங்கள் வீட்டுப் பைப்பை, எர்த்தின் தடையை அளக்கும் எர்த் மெகர் வைத்து அளந்தபோது 68 ஓம் காட்டியது. டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு 2 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 70. 230 வோல்ட்டை 70 ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர்தான் வருகிறது. அதற்கு ஃபியூஸும் போகாது, 16 ஆம்பியர் எம்சிபியும் (ஓவர்லோடிலும் ஷார்ட்டிலும் தானாக இறங்கும் சுவிட்ச்) டிரிப் ஆகாது. கிரைண்டர் உடம்பில் 223 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும், விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

சரி, அண்ணன் சொன்னபடி நல்ல குழி வெட்டி 5 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7 ஓம், 33 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது இரண்டு மடங்கு சுமை, சூடாகி டிரிப் ஆகும்தான், ஆனால் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கிரைண்டர் உடம்பில் 164 வோல்ட் இருக்கும். வீடுகளில் பரவலாகப் போடும் சி வகை எம்சிபி கண் இமைக்கும் நேரத்தில் நிச்சயமாக டிரிப் ஆகவேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வேண்டும், அதற்கு மொத்தப் பாதையும் 1.4 ஓமுக்குள் இருக்கவேண்டும். கொல்லையில் வெட்டும் ஒரு வீட்டுக் குழியில் அந்த எண்ணைக் கொண்டுவர முடியாது. எர்த் போட்டாச்சு, இனி பயமில்லை என்று இருந்த வீடுகளிலும் உயிர் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மாமா சொன்ன வழி, எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும். ஆர்சிசிபி செய்வது எளிய வேலை. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும், 30 மில்லிஆம்பியர் குறைந்தால் லைனைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு வெறுங்காலில் நிற்கும் ஒருவரின் உடம்பு சுமார் 1000 ஓம் என்று எடுத்தால் 230 மில்லிஆம்பியர் பாயும், அந்த அளவில் நல்ல ஆர்சிசிபி 0.04 வினாடிக்குள் துண்டிக்கவேண்டும். உயிர் தப்பிவிடும். ஆனால் ஷாக் அடித்த பிறகுதான் துண்டிக்கும் என்பதைக் கவனியுங்கள். ஏணி மேல் நிற்பவர், ஈரத்தரையில் நிற்கும் வயதானவர் என்றால் அந்த ஒரு உதறலில் விழுந்து அடிபடலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆர்சிசிபி 15க்குக் கீழே டிரிப் ஆகக்கூடாது என்பதும் விதி, 15க்கும் 30க்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் டிரிப் ஆகும். அப்படியென்றால் ஈரம் ஏறிய மோட்டாரிலிருந்து 12 மில்லிஆம்பியர் கை வழியாகப் போனால் ஆர்சிசிபி சும்மாதான் இருக்கும், பிடித்த கையோ விடாது. இப்போது அதே 12 மில்லிஆம்பியரை எங்கள் மோசமான 68 ஓம் எர்த்தில் விட்டுப் பாருங்கள். 68 ஐ 0.012 ஆல் பெருக்கினால் 0.8 வோல்ட். கிரைண்டர் உடம்பில் ஒரு வோல்ட்கூட ஏறாது. பெரிய பழுதில் ஒன்றுக்கும் உதவாத அந்தப் பழைய பைப், சின்ன லீக்கேஜை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது!

எனக்கு முடிவு தெளிவானது இந்தக் கணக்கில்தான். இரண்டுக்கும் வேலை வேறு வேறு. சின்ன லீக்கேஜை எர்த் ஒயர் கொண்டுபோகிறது. பெரிய பழுது வரும்போது எர்த் ஒயர் வழி காட்டுகிறது, ஆர்சிசிபி துண்டிக்கிறது, யாரும் தொடுவதற்கு முன்பே. ஆர்சிசிபி இருந்தால் குழியின் ஓம் பெரிய விஷயமே இல்லை. தொடும் இடத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் 30 மில்லிஆம்பியரில் டிரிப் ஆவதற்கு 1,667 ஓம் வரைகூடத் தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. நடைமுறையில் அவ்வளவு தூரம் விடக்கூடாது, கோடையில் மண் காய்ந்தால் எண் ஏறும், 100 ஓமுக்குள் வைத்துக்கொள்வது நிம்மதி. ஆக முதல் செலவு ஆர்சிசிபி. இரண்டாவது, ஒவ்வொரு பிளக் பாயிண்டிலிருந்தும் போர்டு வரை அறுபடாத எர்த் ஒயர். குழி கடைசி.

அந்த இரண்டாவது விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அண்ணன் மெயின் போர்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டினார், "எர்த் இருக்கு தம்பி, பல்பு எரியுது பாருங்க, பிளேட் போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். 60 வாட் பல்பு எடுப்பதே 0.26 ஆம்பியர்தான், அதன் தடை கிட்டத்தட்ட 880 ஓம். அதோடு 68 ஓம் சேர்ந்தால் வெளிச்சம் குறைந்ததுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சோதனை பாதை ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், அதுவும் மெயின் போர்டு வரைக்கும். சமையலறைப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது ஓட்டையில் ஒயரே இல்லை. கிரைண்டரின் எர்த் பின் இத்தனை வருடம் வெறும் பித்தளைத் துண்டாகத்தான் உள்ளே போய் வந்திருக்கிறது.

குளியலறைக் கீசர் பாயிண்ட் அதைவிட மோசம். எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருந்தார்கள், எப்போதோ வந்த வேறொரு ஆளின் வேலை. டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், சந்தேகமே வராது. ஆனால் காற்றிலோ மழையிலோ கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வீட்டில் போட்டிருக்கும் பல்பு, ஃபேன் வழியாக ஃபேஸ் வந்து அந்த நியூட்ரலில் ஏறும், அங்கிருந்து நேராகக் கீசர் உடம்புக்கும் தண்ணீருக்கும் போகும். சர்வீஸ் வேலையின்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் அதே கதைதான். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் அந்தத் துண்டு ஒயரை எடுத்துவிடுங்கள், சரியான எர்த் இழுக்கும்வரை அந்தப் பாயிண்டைப் பயன்படுத்தாதீர்கள். இந்த இணைப்பு உள்ள வீட்டில் ஆர்சிசிபி மாட்டினால் கீசரைப் போட்டதும் டிரிப் ஆகலாம். ஆர்சிசிபி கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி வைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது.

அப்புறம் ஆர்சிசிபி ஒன்று போதுமா, சர்க்யூட்டுக்கு ஒன்றா என்ற கேள்வி. மெயினில் ஒரே ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுவதுதான் மலிவு, வேலையும் அரை நாளில் முடியும். கையில் அதற்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் அதையே செய்யுங்கள். அதன் குறை, எங்கே பழுது வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகும். ராத்திரி போர் மோட்டார் ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறினால் ஃபிரிட்ஜும் நிற்கும், படிக்கட்டு விளக்கும் அணையும், எதனால் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்க்கவேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கருவியின் அனுமதிக்கப்பட்ட சின்ன லீக்கேஜும் ஒன்றாகக் கூடும். கம்ப்யூட்டர், எல்இடி டிவி மாதிரி சாதனங்களின் ஃபில்டரில் இருக்கும் 4.7 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றே 0.34 மில்லிஆம்பியரை எர்த்துக்கு அனுப்பும். இப்படிக் கூடுவது 9 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நல்லது, 15ஐ நெருங்கினால் காரணமில்லாமல் டிரிப் ஆகத் தொடங்கும்.

ஆர்சிபிஓ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே பெட்டியில் இருப்பது. சர்க்யூட்டுக்கு ஒன்று போட்டால் பழுதான லைன் மட்டும் போகும். விலை கூடும், பெரும்பாலான மாடல்கள் டிபியில் (எம்சிபிகளை வரிசையாக மாட்டும் பெட்டி) இரண்டு இடம் பிடிக்கும், எல்லா லைனுக்கும் போட்டால் பெட்டியே மாற்றவேண்டிவரும். நான் நடுவழியாகப் போனேன். சமையலறை, கீசர், போர் மோட்டார் என்று தண்ணீர் புழங்கும் மூன்று லைனுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ, மீதி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஆர்சிசிபி. தொல்லை தரக்கூடிய மூன்றும் பிரிந்துவிட்டதால் பொது ஆர்சிசிபி சும்மா டிரிப் ஆவதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்குக் கீழே வரிசையாக இன்னொரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ போடாதீர்கள், எது முதலில் டிரிப் ஆகும் என்று சொல்லமுடியாது, பிரித்ததன் பலனே போய்விடும். மேலே ஒன்று வேண்டுமென்றால் 100 அல்லது 300 மில்லிஆம்பியரில், தாமதமாக டிரிப் ஆகும் எஸ் வகை இருக்கிறது. ஆர்சிசிபி ஓவர்லோடையும் ஷார்ட்டையும் கவனிக்காது என்பதையும் மறக்கவேண்டாம், அதற்கு எம்சிபி வேண்டும், மெயின் எம்சிபி 32 ஆம்பியர் என்றால் ஆர்சிசிபி 40 ஆம்பியர் வாங்குங்கள்.

பிரிக்கும்போது நியூட்ரலையும் பிரிக்கவேண்டும். பழைய வீடுகளில் ஏதோ ஒரு சுவிட்ச் போர்டில் இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள், ஹோம் யுபிஎஸ் மாட்டிய வீடுகளில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் பொது நியூட்ரலோடு கலந்திருக்கும். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் இரண்டுமே லீக்கேஜ் என்று நினைத்து டிரிப் ஆகும். எங்கள் வீட்டில் ஒன்றரை நாள் இதற்கே போனது, கூலியில் பாதி இதற்குத்தான். ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை, செய்துதான் ஆகவேண்டும்.

எத்தனை மில்லிஆம்பியர் என்பதில் யோசிக்க அதிகம் இல்லை. வீட்டுக்கு 30. 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் காக்கவும் மேல்நிலைப் பாதுகாப்புக்கும்தான், கை பட்டால் உயிரைக் காக்காது. 30 அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கடையில் 100 கொடுத்தால் வாங்காதீர்கள், எங்கே லீக் ஆகிறது என்று தேடச் சொல்லுங்கள். போர் மோட்டாருக்குக்கூட 30 போட்டேன், முதல் வாரம் இரண்டு முறை டிரிப் ஆனது, கேபிள் ஜாயின்ட்டைப் பிரித்துத் திரும்பச் சுற்றிய பிறகு நின்றுவிட்டது.

வகையில் கொஞ்சம் கவனம் வேண்டும். முகப்பில் ஒரு அலைக்கோடு மட்டும் போட்டிருந்தால் அது ஏசி வகை, சாதாரண மாறுமின்னோட்ட லீக்கேஜை மட்டும் உணரும். அலைக்கோட்டுக்குக் கீழே சின்னச் சின்ன மேடுகளும் வரைந்திருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏர்கண்டிஷனர், புது வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றில் உள்ளே மின்னணு சர்க்யூட் இருப்பதால் லீக்கேஜ் துடிப்பு துடிப்பாக வரலாம், அதை ஏசி வகை உணராமலே போகக்கூடும். விலை வித்தியாசம் இருந்தாலும் ஏ வகையே வாங்குங்கள். மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் வைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே பார்க்கவேண்டும், 6 மில்லிஆம்பியருக்கு மேல் நேர்மின்னோட்டம் லீக் ஆனால் ஏ வகையும் மழுங்கிவிடும், அதனால் சார்ஜருக்குள்ளேயே அந்தக் கண்காணிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பி வகை.

மெயின் போர்டில் இருப்பது எந்தக் காலத்துச் சாமான் என்றும் பாருங்கள். ஈஎல்சிபி என்ற பெயரை நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம், ஆனால் பழைய ஈஎல்சிபி எர்த் ஒயரில் ஏறும் வோல்டேஜைப் பார்த்து டிரிப் ஆவது, அதில் எர்த் ஒயர் மாட்ட தனி டெர்மினல் இருக்கும். ஆள் நேராக ஃபேஸைத் தொட்டால் அதற்குத் தெரியாது. அது இருந்தால் மாற்றிவிடுங்கள்.

குழி விஷயத்துக்கு வருகிறேன். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 சொல்லும் குறைந்தபட்சம், ஜிஐ பைப் என்றால் 38 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மீட்டர் நீளம். பிளேட் என்றால் 60க்கு 60 சென்டிமீட்டர், அதன் மேல்விளிம்பே 1.5 மீட்டர் ஆழத்தில் இருக்கவேண்டும். 100 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் உள்ள சுமாரான மண்ணில் 2.5 மீட்டர் பைப் கிட்டத்தட்ட 33 ஓம் தரும், அதையே 5 மீட்டர் இறக்கினால் 19 ஓம். பைப்பைத் தடிமனாக்கினால் எண் பெரிதாக மாறாது, காப்பர் ஆக்கினாலும் மாறாது, ஏனென்றால் தடை மண்ணில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. காப்பர் துருப்பிடிக்காமல் நீடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் விலையைப் பார்த்தால் வீட்டுக்குத் தேவையில்லை. கெமிக்கல் எர்த்திங் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கலவையைச் சுற்றிப் போடுவது, ஆஸ்பத்திரி, செல்போன் டவர், பாறை நிலம் போன்ற இடங்களுக்குப் பொருத்தம். செம்புறாங்கல் பூமியான எங்கள் ஊரில்கூட ஆர்சிசிபி போட்ட வீட்டுக்கு அது வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். பழைய பைப்பிலிருந்து 5 மீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு ஜிஐ பைப் இறக்கி இரண்டையும் இணைத்தேன், 68 ஓம் 37க்கு வந்தது. கரியும் உப்பும் போட்டோம், உப்பு ஜிஐ பைப்பை அரிக்கும் என்பதால் அளவோடு. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

கிரைண்டருக்கு எர்த் ஒயர் இழுத்த அன்றே சுருக்கு நின்றுவிட்டது. ஆனாலும் அதை அப்படியே விடவில்லை, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்தபோது மோட்டார் 0.2 மெகாஓம்தான் காட்டியது, 1 மெகாஓமுக்குக் கீழே போனால் காயிலை நம்பக்கூடாது. காயில் மாற்றி வாங்கினோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குழியும் வெட்ட முடியாது, சுவரையும் உடைக்க முடியாது. அங்கே முதலில் கேட்கவேண்டியது மெயின் போர்டில் ஒரு ஆர்சிசிபி. வீட்டுக்காரர் சம்மதித்தால் உங்கள் செலவில் மாட்டி, காலி செய்யும்போது பழையபடி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஒரு சின்னப் பெட்டியில் 16 ஆம்பியர் ஆர்சிபிஓவும் ஒரு மூன்று பின் பிளக் பாயிண்டும் வைத்து, மொத்தமான ஒயரோடு எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள், கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அதிலிருந்து மட்டும் ஓடட்டும். மாட்டுவதற்கு முன் சுவர்ப் பாயிண்டின் மூன்றாவது ஓட்டையில் ஒயர் இருக்கிறதா, அது பச்சை நிறத்தில் போர்டு வரை போகிறதா, இல்லை நியூட்ரலில் ஒட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பட்டன் சொல்வது ஆர்சிபிஓ வேலை செய்கிறது என்பதை மட்டும்தான், எர்த் ஒயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, அதை வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.